பெர்னார்ட் ஷாவின் சாளரத்தை உருவாக்கிய கண்ணாடிக் கலைஞர் கரோலின் டவுன்ஷெண்ட்

லண்டன்: அண்ணல் அம்பேத்கர் பயின்ற லண்டன் பொருளியல் கல்லூரியின் ஷா நூலகத்தில் புகழ்பெற்ற வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உள்ளது. அதைத் திட்டமிட்டவர் நாடகாசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா என்பதால், பெரும்பாலும் அவர் பெயரோடு சேர்த்தே அது பேசப்படுகிறது. 1910-ஆம் ஆண்டில் தம் கையால் அதை உருவாக்கியவர் கரோலின் டவுன்ஷெண்ட்.

1878-இல் பிறந்த கரோலின், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டவுன்ஷெண்டின் மகள். ஷாவின் மனைவி சார்லட்டுக்கு உறவினர். ஸ்லேட் ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், கண்ணாடிக் கலையைக் கிறிஸ்டோபர் வாலிடம் கற்றார். அக்காலப் பெரிய நிறுவனங்களில் ஒருவர் வரைவார், மற்றொருவர் வெட்டுவார், வேறொருவர் தீட்டுவார். கலை மற்றும் கைவினை இயக்கத்தைச் சேர்ந்த வால் இம்முறையை ஏற்கவில்லை. வரைபவரே கண்ணாடியைத் தேர்ந்து, தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப் பட்டையால் இணைப்பது வரை அறிந்திருக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். இப்பயிற்சி பெற்ற பெண்கள் பலர் தனித்தே பட்டறை நடத்தினர்.

சாளரத்தின் கருப்பொருள், சோசலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவர விரும்பிய ஃபேபியன் சங்கம். பட்டடையில் காய்ச்சிய உலக உருண்டையை ஷாவும் சிட்னி வெப்பும் சம்மட்டியால் அடிக்கின்றனர். எட்வர்ட் பீஸ் துருத்தி ஊதுகிறார். மேலே, பிரபுக்களின் குலச்சின்னம் போன்ற கேடயத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய். தமிழில் பசுத்தோல் போர்த்திய புலி என்போமே, அதேதான். சங்கத்தை அதன் உறுப்பினர்களே கேலி செய்துகொண்ட சின்னம் இது. கீழே மண்டியிட்டிருப்போரில் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் மூக்கில் கட்டைவிரல் வைத்துப் பழிப்புக் காட்டுகிறார். அதே வரிசையில் கரோலின் தம் உருவத்தையும் தீட்டியுள்ளார். நகைச்சுவை ஷாவுடையது, அதைக் கண்ணாடியில் துலங்கச் செய்த நேர்த்தி முழுவதும் கரோலினுடையது.

ஆனால் ஷா அதை எடுத்துச் செல்லவேயில்லை. சாளரம் பட்டறையிலேயே தங்கிவிட, கரோலின் தோழி ஜோன் ஹோசனுடன் இணைந்து, லண்டன் புட்னி பகுதியிலிருந்து தேவாலயங்களுக்குச் சாளரங்கள் செய்துவந்தார். 1944-இல் அவர் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 1947-இல்தான் ஷாவின் சாளரம் சர்ரேயிலுள்ள பீட்ரிஸ் வெப் இல்லத்தில் இடம்பெற்றது.

1978-இல் அங்கிருந்து அது திருடப்பட்டது. 2005-இல் லண்டன் ஏலத்தில் தென்பட்டபோது வெப் நினைவு அறக்கட்டளை வாங்கி மீட்டது. 2006-இல் அன்றைய பிரதமர் டோனி பிளேர் கல்லூரியில் அதைத் திறந்துவைத்தார்.