காதலை ஆராய்ந்த மெய்யறிஞர் பிளேட்டோ

கிரேக்க மெய்யியலில் காதலுக்கு உயர்ந்ததோர் இருக்கையை அளித்தவர் பிளேட்டோ. இவர் கி.மு. 427ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகரத்து உயர்குடியொன்றில் அரிஸ்டன், பெரிக்டியோனி ஆகியோரின் மகனாகப் பிறந்தார். ஸ்பார்ட்டாவுடன் நிகழ்ந்த நெடும்போருக்கிடையே வளர்ந்தவர், கி.மு. 404இல் தம் நகரம் தோற்று வீழ்ந்ததையும் கண்டார். இளமையில் கவிதை புனைந்தார் என்றும், சாக்ரடீசைச் சந்தித்தபின் அவற்றைத் தீயிலிட்டார் என்றும் பழைய வரலாறு கூறும்.

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத் தீர்ப்பின்படி சாக்ரடீஸ் நஞ்சுண்டு மாண்டார். ஒருவரிகூட எழுதி வைக்காத அந்த ஆசானைப் பிளேட்டோ தம் உரையாடல் நூல்களில் மீண்டும் பேச வைத்தார்.

அவற்றுள் 'விருந்து' என்பது காதலையே பொருளாகக் கொண்டது. நாடகப் போட்டியில் வென்ற அகத்தானின் இல்லத்தில், கி.மு. 416இல் கூடிய நண்பர்கள் காதலைப் புகழ்ந்து பேசுவதாக அது அமைந்துள்ளது. அக்கால ஏதென்சில் மூத்த ஆடவர் இளைஞர்பால் கொண்ட காதலே அப்பேச்சுகளில் பெரிதும் இடம்பெறுகிறது. ஆதியில் முழு உருண்டையாயிருந்த மனிதன் இரண்டாக வெட்டப்பட்டான். இழந்த பாதியைத் தேடுவதே காதல் என்கிறார் அரிஸ்டோபனீஸ். சாக்ரடீஸ் அதனை ஏற்கவில்லை. தன்னிடம் இல்லாததையே ஒருவன் விரும்புவான். ஆகவே காதல் வறுமைக்கும் வளத்திற்கும் பிறந்த பிள்ளை என்று, தியோத்திமா என்னும் பெண்ணிடம் கற்றதாக அவர் எடுத்துரைக்கிறார். ஓர் உடலின் அழகில் தொடங்கும் காதல், எல்லா உடல்களின் அழகு, உள்ளத்தின் அழகு, ஒழுக்கம், அறிவு எனப் படிப்படியாக ஏறி, என்றும் அழியாத அழகினையே கண்டு நிற்கும்.

அவ்வாறாயின் காதலிக்கப்பட்டவர் ஏறிக் கடந்துவிடும் வெறும் படிதானா? கி.பி. 1973இல் கிரெகரி விளாஸ்டோஸ் எழுப்பிய இந்தக் குறைபாட்டைப் பிளேட்டோவும் உணராதவரல்லர். தியோத்திமாவின் போதனை முடிந்ததும், அல்கிபியாதீஸைக் குடிமயக்கத்தில் விருந்தினுள் நுழைய விடுகிறார். அவன் வேண்டுவது அழகின் இலக்கணத்தையன்று. சாக்ரடீஸ் என்னும் அந்த ஒரு மனிதரையே. 'பேட்ரஸ்' நூலிலோ, இரு குதிரைகள் பூட்டிய தேராக உயிரை உருவகித்து, காதலர் இருவருமே சிறகு பெறுவதாகக் காட்டுகிறார்.

அவர் வாழ்விலும் பற்று துயரைத் தந்தது. ஏறத்தாழ கி.மு. 388இல் சிசிலி சென்றபோது தியோன் என்னும் இளைஞர் அவரது நெருங்கிய நண்பரானார். மெய்யறிவால் அரசைத் திருத்தலாம் என்னும் நம்பிக்கையோடு மேலும் இருமுறை அவர் அங்குச் சென்றும் பயன் விளையவில்லை. கி.மு. 354இல் தியோன் கொலையுண்டார். தாம் நிறுவிய அக்காதமியில் கற்பித்து வந்த பிளேட்டோ, ஏறத்தாழ எண்பதாம் வயதில், கி.மு. 347அளவில் மறைந்தார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாரன்சு நகரத்து பிச்சினோ பிளேட்டோவின் பெயரைக் காதலோடு இணைத்து வழங்கினார். உடல் சாராக் காதல் என்றே அதனை இன்று பலரும் பொருள் கொள்வர். ஆனால் பிளேட்டோவின் ஏணி உடலழகிலேதான் ஊன்றி நிற்கிறது. அழியாப் பேரழகைப் போற்றிய அவர், அழிந்துபோன ஒரு மனிதரின் குரலை முதுமைவரை கைவிடவில்லை. கடந்து செல்லக் கற்பித்தவர் தம் முதற்படியை மறக்கவில்லை என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை.