கோ. சாரங்கபாணி: இதழியலும் நிறுவனமாக்கமும்

திருவாரூரில் 1903இல் பிறந்த கோ. சாரங்கபாணி, 1924இல் சிங்கப்பூரில் குடியேறி, 'முன்னேற்றம்' இதழின்வழி இதழியலுள் புகுந்தார். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தோன்றிய 'தமிழ் முரசு', அவர் பொறுப்பில் நாளிதழாக வளர்ந்தது. சாதி மறுப்பை எழுதியதோடு அமையாது, சீனப் பெண்ணொருவரை மணந்தார். சாதி, சமய வேறுபாடு கடந்து தமிழர் கூடுதற்கு 1952இல் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். புலம்பெயர்ந்தோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற வலியுறுத்தினார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இடம்பெறப் போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைப் பொதுமக்களிடம் திரட்டினார். 1974இல் மறைந்தார். அவர்தம் பணியைத் தலையங்கங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. செய்தியின் வாசகரைப் பொதுப்பணியின் பங்காளராக்கியதே அவர் இதழியலின் தனித்தன்மை. அவ்வேடு இன்றும் வெளிவருகிறது.