மானிப்பாய்க் கிறீன் வைத்தியர்

கற்றோர் பலர் தாம் கற்றதைத் தமக்குப் பழகிய மொழியிலேயே உரைப்பர். கேட்போர் மொழியைத் தேடிக் கற்று அதில் உரைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய், அமெரிக்க நாட்டிற் பிறந்து, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழருக்குத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் மாசச்சூசெற்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கு நகரில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் ஊழியம் நடத்தி வந்தது. வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் அங்கே பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்து, 1836இல் சென்னைக்கு மாறியவராவார். அவர் தொடங்கிய அவ்வைத்திய ஊழியத்துக்குக் கிறீன் 1847இல் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையிற் சிலகாலம் தங்கி, 1848இல் மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டார். அங்கே நோயாளரைப் பார்த்து மருந்தளித்ததோடு, சுதேச இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியமும் கற்பிக்கத் தொடங்கினார்.

முதல் வகுப்புக்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. மாணவர் நன்கு கற்றுத் தேறினர். ஆயினும் விளைவு கிறீன் கருதியபடி அமையவில்லை. ஆங்கிலத்திற் கற்றவரிற் பலர் அரசாங்க உத்தியோகம் பெற்று வேற்றூர்களுக்குச் சென்றனர். குடிசையிற் கிடந்த நோயாளி முன்போலவே துணையின்றிக் கிடந்தான். குறை மாணவரிடத்தன்று, பயிற்றும் முறையிடத்தே என்பதைக் கிறீன் உணர்ந்தார். கிராமத்தாருக்கு வைத்தியர் வேண்டுமாயின், அவ்வைத்தியர் கிராமத்திலேயே வாழ்பவராகவும், கிராமத்தார் நடையுடையினராகவும், அவர்கள் பேச்சிலேயே நோயின் காரணத்தையும் மருந்தின் அளவையும் எடுத்துரைக்க வல்லவராகவும் இருத்தல் வேண்டுமெனத் துணிந்தார். 1857இல் தாய்நாடு சென்று 1862இல் மீண்டு வந்தபின், வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தலானார்.

தமிழிற் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டுமன்றோ! நூலுக்கோ சொற்கள் வேண்டும். கிறீன் இவ்விரண்டையும் தம் மாணவர் துணைகொண்டு ஆக்கினார். ஒரு பொருளுக்குச் சொல் வேண்டியபோது முதலில் தமிழ் நூல்களையும் வழக்கையும் ஆராய்வார். ஆங்கு அகப்படாவிடின் வடமொழியிற் பார்ப்பார். அங்கும் பொருத்தமானது கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கேற்ப அமைத்துக்கொள்வார். இரசாயன நூலொன்றுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டு 1875இல் வெளியிட்டமை இதற்குச் சான்றாகும். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இவற்றோடு, எட்வர்ட் ஜான் வாரிங் 1868இல் ஆங்கிலத்தில் அமைத்த இந்திய மருந்து நூலும் இந்து பதார்த்த சாரம் என்னும் பெயரால் தமிழாயிற்று. இந்நாட்டு மருந்துப் பொருள்களின் குணமும் பயனும் கூறும் அந்நூல் மருந்து கலந்து கொடுப்போருக்கு இன்றியமையாததாகும். இவ்வாறு உண்டான வைத்திய நூல்கள் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை.

உடல்நலங் குன்றி 1873இல் தாய்நாட்டுக்குத் திரும்பிய பின்னரும் இவர் ஓய்ந்திருந்தாரல்லர். மாகடல்களுக்கு அப்பால் வூஸ்டரில் அமர்ந்து தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி வந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் காலஞ்சென்றார். தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கத்தக்க புகழென அவர் கருதினார். அவரிடம் பயின்று தேறிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டவர். மானிப்பாயிலுள்ள மருத்துவச்சாலை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

கிறீன் நடத்திய தமிழ் வகுப்பு அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் தோன்றிய கொழும்பு வைத்தியப் பள்ளியில் ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. ஆகவே அவர் உழைப்பு வீணாயிற்றென்பார் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். அவர் எழுப்பிய வினா இன்றும் நம் வாயிலில் நிற்கின்றது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் காய்ச்சலோ வயிற்றுநோயோ கண்ட தொழிலாளி பெரும்பாலும் முதலில் அணுகுவது தெருமுனை மருந்துக்கடையையே. அங்கு அவன் பெறும் மாத்திரைப் பட்டையில் எழுதியிருப்பது ஆங்கிலம். உணவுக்கு முன்னோ பின்னோ, எத்தனை நாள், இடையில் நிறுத்தலாமோ ஆகாதோ என்பவற்றை அவனுக்கு விளங்கச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநரே. மருத்துவர் சீட்டுப்படி மருந்து கலந்து கொடுத்தலைப் பதிவு பெற்றோருக்கே உரியதாக்கியது 1948ஆம் ஆண்டின் பார்மசிச் சட்டம். நோயாளிக்கு அறிவுரை கூறுதலையும் அவர்தம் கடமையாக வகுத்தன 2015ஆம் ஆண்டின் விதிகள். ஆனால் விளங்காத மொழியிற் கூறிய அறிவுரை கூறாததோடு ஒக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இக்காலத்து ஒடியாவும் இந்தியும் பேசுவோர் பலர் உழைக்கின்றனர். கிறீனின் நெறியை மெய்யாகப் பற்றுவோர் அவர்களுக்குத் தமிழிற் சொல்லி அமையார். அவர்கள் மொழியிலும் பத்துச் சொற்களேனும் கற்றுக்கொள்வர்.

தமிழ் பயிலும் எம்போல்வாருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இலக்கண இலக்கியங்களைப் போற்றுதல் நன்றே. அதனோடு, மருந்துச் சீட்டொன்றைப் பாட்டிமாருக்கும் விளங்கும் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தலும் தமிழ்த்தொண்டே என்பதைக் கிறீன் வைத்தியரின் வாழ்வால் யாம் அறிகின்றோம்.