தேடியது ஒன்று, கிடைத்தது உலோகக் கண்ணாடி: யார் இந்த போல் டுவே?

சில ட்ரான்ஸ்ஃபார்மர்களுக்குள் மின் இழப்பைக் குறைக்க மெல்லிய ரிப்பன் ஒன்று சுற்றப்பட்டிருக்கும். அது உலோகம்தான். ஆனால் அதன் அணுக்கள் ஜன்னல் கண்ணாடியில் இருப்பதுபோல ஒழுங்கில்லாமல் கிடக்கும். இந்த 'உலோகக் கண்ணாடி'க்கு வழி திறந்தவர் போல் டுவே.

1907-ல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் பிறந்தவர். செல்லோ வாசிப்பதிலும் கெட்டிக்காரர். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவின் கால்டெக்கில் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் தேடியது கண்ணாடியே இல்லை! செம்பும் வெள்ளியும் உருகினால் கலக்கும், உறையும்போது பிரிந்துவிடும். பிரிய நேரமே கொடுக்காவிட்டால்? உருகிய துளியை வாயு அழுத்தத்தில் செம்புத் தகட்டின் மீது அடிக்கும் ஒரு 'துப்பாக்கி'யைச் செய்தார். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் துளி குளிர்ந்தது. ஐடியா ஒர்க் அவுட் ஆனது.

1960-ல் அதே முறையில் தங்கம்-சிலிக்கான் கலவையை அடித்தார்கள். எக்ஸ்ரேயில் படிகத்துக்கான கூர்மையான கோடுகளைக் காணோம். மாணவர்கள் கிளெமென்ட், வில்லென்ஸுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார் டுவே.

ஆனால் ஒரு சிக்கல். சும்மா அறையில் வைத்திருந்தாலே அது படிகமாக மாறியது. 'ஸ்டேச்சூ' விளையாட்டில் நின்ற இடத்திலேயே உறைந்த பசங்க மாதிரிதான் இந்த அணுக்கள். கொஞ்சம் வெப்பம் கிடைத்தால் போதும், நகர ஆரம்பிக்கும். அங்கங்கே குட்டிப் படிகங்கள் முளைத்து வளரும்.

அதனால் நிலையான கலவைகளைத் தேடினார். பல்லேடியம்-சிலிக்கான் கண்ணாடி கிட்டத்தட்ட 400 டிகிரி வரை தாங்கியது. 1967-ல் இரும்பு, பாஸ்பரஸ், கார்பன் சேர்த்த காந்தக் கண்ணாடியும் வந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் ரிப்பன்களுக்கு வழி காட்டியது இதுதான்.

1984-ல் டுவே இறந்தார். நான்கே ஆண்டுகளில் கதை தலைகீழானது. ஜப்பானிய ஆய்வாளர்கள், செம்பும் நையோபியமும் சேர்த்த இரும்புக் கண்ணாடியை வேண்டுமென்றே சூடாக்கினார்கள். சுமார் 10 நானோமீட்டர் அளவில் படிகங்கள் முளைத்தன. காந்தத் தன்மை இன்னும் மேம்பட்டது. எதிரியாக இருந்த வெப்பம் இப்போது கருவி.

லேசர் துடிப்புகளாலும் இதைச் செய்து பார்க்கிறார்கள். ஒரு துடிப்பு நொடியில் நூறு கோடியில் சில பங்குதான் நீடிக்கும். அடுத்தடுத்து அடித்தால் மேற்பரப்பில் மட்டும் படிகம் வளர வைக்கலாம். பவர் கூடிப்போனால் மேற்பரப்பு உருகிவிடும். அடியிலுள்ள குளிர்ந்த உலோகம் உடனே வெப்பத்தை உறிஞ்ச, அது மறுபடி கண்ணாடியாகவே உறையலாம். டுவேயின் செம்புத் தகடு செய்ததும் இதைத்தான்.