மண் எங்கே போகிறது? – ஜேம்ஸ் ஹட்டன்



போன ஐப்பசி மழையில் எங்க காட்டு வரப்பு உடைஞ்சு, மேல்மண் எல்லாம் ஓடையோடு போயிருச்சு. அப்பா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. அந்த மண் எங்கேப்பா போகும் என்று கேட்டேன். கடலுக்குத்தான் என்றார். அதுக்கப்புறம்? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதே கேள்வி 250 வருஷத்துக்கும் முன்னால் ஒருவர் மனதில் வந்திருக்கிறது. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜேம்ஸ் ஹட்டன் 1726-இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் படிக்க வைத்தார். வக்கீலிடம் வேலை பழகப் போனார். அங்கேயும் வேதியியல் சோதனைதான் செய்துகொண்டிருந்தாராம், அனுப்பிவிட்டார்கள்! பிறகு மருத்துவம் படித்து 1749-இல் பட்டம் வாங்கினார். ஆனால் வைத்தியம் பார்க்காமல், அப்பா விட்டுப்போன நிலத்தில் விவசாயம் செய்யப் போனார்.

அங்கே மழைத் தண்ணீர் வயல் மண்ணை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். இப்படியே போனால் ஒரு நாள் நிலமே மிஞ்சாது. அப்படியானால் எங்கேயோ புது நிலம் உருவாக வேண்டுமே என்று யோசித்தார். கடலுக்குப் போன மண் அடுக்கடுக்காகப் படிகிறது. அழுத்தத்தாலும் சூட்டாலும் இறுகிப் பாறையாகிறது. பூமிக்குள் இருக்கும் சூடு அதை மேலே தூக்க, அது மலையாகிறது. மறுபடி மழை அதை அரிக்கிறது. இந்தக் கருத்தை 1785-இல் எடின்பரோ ராயல் சங்கத்தில் வெளியிட்டார்.

அப்போது ஐரோப்பாவில் பலர் பூமிக்குச் சுமார் 6000 வயதுதான் என்று நம்பினார்கள். இதற்கெல்லாம் அந்தக் காலம் போதவே போதாது. அதனால் பலரும் அவரை ஏற்கவில்லை.

1788-இல் ஹட்டன் இரண்டு நண்பர்களோடு படகில் சிக்கார் முனை என்ற இடத்துக்குப் போனார். அங்கே கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள், அலமாரியில் புத்தகம் அடுக்கிய மாதிரி நெட்டுக்குத்தாக நின்றன. அதன்மேல் சிவப்பு மணற்பாறை பாய் விரித்த மாதிரி கிடந்தது. கீழ்ப்பாறை கடலடியில் படுக்கையாகப் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேல்பாறை படிந்திருக்க முடியும். இன்றைய கணக்குப்படி இரண்டுக்கும் நடுவே சுமார் ஆறரைக் கோடி வருஷம்!

1795-இல் இரண்டு பாகமாகப் புத்தகம் எழுதினார். நடை கடினமாக இருந்ததால் அதிகம் பேர் படிக்கவில்லை. 1797-இல் இறந்தார். படகில் கூடப்போன நண்பர் பிளேஃபேர் 1802-இல் அதையே எளிமையாக எழுதிய பிறகுதான் பலருக்கும் புரிந்தது. பூமிக்குச் சுமார் 454 கோடி வயது என்று இப்போது நாம் படிக்கிறோம். பூமி மிக மிகப் பழையது என்று முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் இந்த விவசாயி.

இதை அப்பாவிடம் சொன்னேன். நம்ம மண் வீணாகல, ஒரு நாள் மலையாகும்பா என்றேன். அப்பா சிரித்துவிட்டார். அதுவரைக்கும் யார் காத்திருப்பது, ஆடியில் கடலை போடணுமே என்றார். அதுவும் சரிதான். பூமிக்கு நேரம் நிறைய இருக்கு, நமக்கு இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து வரப்பை உயர்த்திக் கட்டி, வெட்டிவேர் நட்டோம்.

உங்க வீட்டுக் காட்டிலும் வரப்பைப் பாருங்கள், நண்பர்களே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி