தேனீயின் கணக்கை எழுதிய தலைமையாசிரியர்

புறவிளைவு என்னும் பொருளியல் கருத்தை விளக்க, ஜேம்ஸ் மீட் 1952-இல் எழுதிய ஆப்பிள் தோட்ட எடுத்துக்காட்டையே வகுப்புதோறும் சொல்லிவந்தேன். தோட்டக்காரரின் பூக்கள் அண்டைவீட்டுத் தேனீக்களுக்கு உணவாகின்றன. தேனீக்கள் அவருடைய மரங்களைக் காய்க்கச் செய்கின்றன. இவற்றுக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. அந்தப் பயனை 1811-லேயே ஒருவர் எடைபோட்டிருந்தார் என்பது ஓய்வுபெற்ற பின்னரே எனக்குத் தெரிந்தது.

அவர் கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கல். 1750-இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் பிறந்தவர். இறையியல் படித்து, 1780-இல் பெர்லினை அடுத்த ஸ்பாண்டாவில் பள்ளித் தலைமையாசிரியரானார். உடல்நலம் கருதி அவரைத் தாவரவியலின் பக்கம் திருப்பியவர் எர்ன்ஸ்ட் லுட்விக் ஹைம் என்ற மருத்துவர். 1787-இல் காட்டு ஜெரேனியப் பூவின் இதழடியில் மென்மயிர்களைக் கண்டார். பூச்சிக்கென வைத்த தேனில் மழைநீர் கலவாதிருக்கவே அவை உள்ளன என்று முடிவுசெய்தார். அங்கிருந்து ஆறே ஆண்டுகளில் 461 இனங்களை ஆராய்ந்து நூலாக்கினார்.

அவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, நம் ஆடுதின்னாப்பாளையின் ஐரோப்பிய உறவான அரிஸ்டோலோகியா. மிளகும் மக்னோலியாவும் அடங்கிய தொன்மையான கிளையைச் சேர்ந்தது. அதன் குழல்போன்ற பூவுக்குள் இறங்கும் சிறு ஈக்களைக் கீழ்நோக்கிய மயிர்கள் வெளியேற விடுவதில்லை. மகரந்தம் உதிர்ந்த பிறகு மயிர்கள் வாடுகின்றன, சிறை திறக்கிறது. இந்தப் பொறியை விவரித்தவர் ஸ்பிரெங்கல். விடுபட்ட ஈ அடுத்த பூவுக்கு மகரந்தம் சுமப்பதைப் பின்வந்தோர் தெளிவாக்கினர்.

1793-இல் வெளிவந்த அந்நூலை அறிஞருலகம் பெரிதாக மதிக்கவில்லை. இரண்டாம் பகுதி வரவேயில்லை. மறு ஆண்டே பள்ளிப் பூசல்களின் முடிவில் ஓய்வூதியத்துடன் விலக்கப்பட்டார். பூக்களைப் பார்த்து வகுப்பைக் கவனியாதவர் என்ற புகாரில் ஓரளவு உண்மையும் இருந்திருக்கலாம். ஆசிரியனாக இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். பின்னர் பெர்லினில் பாடம் சொல்லிப் பிழைத்தார்.

அந்த நிலையில் எழுதியதே தேனீக்களைப் பற்றிய 1811-ஆம் ஆண்டு நூல். தேனும் மெழுகும் சிறு வருவாய். பயிர்கள் காய்ப்பதே பெரும் பயன். எனவே தேனீ வளர்ப்பில் அரசு அக்கறை கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். விலையில்லாப் பயனைச் சந்தை போதிய அளவு தராது என்று நாங்கள் வரைபடம் போட்டுக் காட்டியதை, வரைபடமின்றியே அவர் கண்டிருந்தார்.

1816-இல் மறைந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், ராபர்ட் பிரவுன் சொல்லி, 1841-இல் அவருடைய முதல் நூலை எடுத்துப் படித்தார் சார்லஸ் டார்வின். தேனீ நூலுக்கு அப்படியொரு வாசகர் வாய்க்கவில்லை.