குரலை நடக்க வைத்த என்ஜினீயர்

சினிமா பார்க்கப் போன இடத்தில் உதித்த யோசனை!

வீட்டில் கம்ப்யூட்டரில் படம் ஓடுகிறது. திரையின் இடது ஓரத்தில் ஒரு ரெயில் தோன்றி, வலது பக்கம் ஓடி மறைகிறது. அதன் சத்தமும் கூடவே ஓடுகிறது. முதுகுக்குப் பின்னால் மழை பெய்வது போலக் கேட்கிறது. குழந்தைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த அதிசயத்துக்கு வித்திட்டவர் ஆலன் புளூம்லைன். இங்கிலாந்து நாட்டு என்ஜினீயர். ஒலித்துறையில் இருப்பவர்கள் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால், அவர் இறந்தபோது அந்தச் செய்தியைக்கூட உலகம் அறியவில்லை!

படிக்கத் தெரியாத பையன்

புளூம்லைன் 1903-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர்.

புளூம்லைனுக்கு 7 வயது இருக்கும். வீட்டு வாசல் மணி கெட்டுப்போய்விட்டது. பையன் தானே அதைச் சரி செய்தான். பிறகு தந்தையிடம் ஒரு பில்லை நீட்டினான். அதில் தன் பெயரைப் போட்டு, எலெக்ட்ரிக்கல் என்ஜினீயர் என்றும் எழுதியிருந்தான்!

ஆனால், புத்தகம் படிப்பது அவனுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. 12 வயதில்கூடத் தனக்குப் படிக்கத் தெரியாது என்றும், ஆனால் கணக்கு நிறையத் தெரியும் என்றும் பிற்காலத்தில் அவரே நண்பரிடம் சொல்லியிருக்கிறார்.

தாமதமாகப் படிக்கத் தொடங்கிய அந்தப் பையன், 1923-ம் ஆண்டு லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறினார்.

முதலில் டெலிபோன் கம்பெனியில் வேலை. ஒரு கம்பியில் பேசுவது பக்கத்துக் கம்பியில் கேட்கும் தொல்லையைக் குறைக்க வழி கண்டார். 1929-ம் ஆண்டு கொலம்பியா கிராமபோன் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனி 1931-ல் மற்றொரு கம்பெனியுடன் இணைந்து, இ.எம்.ஐ. ஆயிற்று.

குரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்

1931-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள். டோரின் என்ற பெண்ணுடன் புளூம்லைன் சினிமாவுக்குப் போனார். பின்னாளில் அவருக்கு மனைவியானவர் அவர்தான்.

பேசும் படம் புதிதாக வந்திருந்த காலம் அது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அதே 1931-ல்தான்.

திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் நின்று பேசினார். குரலோ வேறு இடத்திலிருந்து வந்தது. மற்றவர்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. புளூம்லைனால் பொறுக்க முடியவில்லை. நடிகர் நடந்தால் குரலும் கூட நடக்க வேண்டும். அதற்குத் தன்னிடம் வழி இருக்கிறது என்று டோரினிடம் சொன்னார்.

அது என்ன வழி?

கும்மிடிப்பூண்டி ரெயில் நிலையத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். சென்னைப் பக்கமிருந்து மின்சார ரெயில் வருவது தெரிந்துவிடும். எப்படி? ரெயில் இடது பக்கம் இருந்தால், சத்தம் இடது காதுக்கு முதலில் வருகிறது. வலது காதுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது. இந்த இடைவெளி ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் மூளை அதைக் கண்டுபிடித்து, திசையைச் சொல்லிவிடுகிறது.

மனிதனுக்கு இரண்டு காது இருப்பது போல, ஒலிப்பதிவுக்கும் இரண்டு மைக் வேண்டும் என்றார் புளூம்லைன். கேட்பதற்கு இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். இசைத்தட்டில் ஒரே கோட்டுப் பள்ளத்தின் இரண்டு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைத் தனித்தனியே பதிக்கலாம் என்றும் காட்டினார்.

1931-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி காப்புரிமைக்கு மனுப் போட்டார். அதில் மொத்தம் 70 உரிமைகளைக் கோரியிருந்தார்!

1934-ம் ஆண்டு ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பெரிய வாத்தியக் குழுவின் இசையை இந்த முறையில் பதிவு செய்தார். 1935-ல் ஹேயிஸ் ரெயில் நிலையத்தில் ரெயில்கள் போவதைப் படம் பிடித்தார். ரெயில் ஓடியது; சத்தமும் கூடவே ஓடியது!

ஆனால், இதை விலைக்கு வாங்க அன்று யாரும் வரவில்லை. கம்பெனி டெலிவிஷன் பக்கம் திரும்பியது. புளூம்லைனும் அந்த வேலையில் இறங்கினார். 1936-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி பி.பி.சி. டெலிவிஷன் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு நட்டு பறித்த உயிர்கள்

உலகப்போர் மூண்டது. இருட்டிலும் மேகத்திலும் தரையைக் காட்டும் ரேடார் கருவியை உருவாக்கும் ரகசிய வேலையில் புளூம்லைன் சேர்ந்தார்.

1942-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கருவியைச் சோதிக்க ஹாலிபாக்ஸ் விமானத்தில் பறந்தார். நடுவானில் ஒரு என்ஜின் தீப்பற்றியது. விமானம் வெல்ஷ் பிக்னர் என்ற ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 11 பேரும் மாண்டார்கள்.

என்ஜினில் ஒரு சிறு நட்டு சரியாக முடுக்கப்படாததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. எந்திரத்தோடு பழகும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்.

எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, மரணச் செய்தி மறைக்கப்பட்டது. டோரின் இரண்டு ஆண் குழந்தைகளுடன் தனியே நின்றார். புளூம்லைன் பெற்ற காப்புரிமைகள் 128. அவர் உழைத்த ரேடார் 1943-ம் ஆண்டு ஜனவரியில் போருக்கு வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கர் இசைத்தட்டு கடைக்கு வந்ததோ 1957, 58-ம் ஆண்டுகளில்தான்! இசைக்கலைக்கு வழங்கப்படும் கிராமி விருது, 2017-ம் ஆண்டு தொழில்நுட்பப் பிரிவில் அவர் பெயருக்கு அளிக்கப்பட்டது.

நம் வீட்டில்

இரண்டு ஸ்பீக்கர் பிறகு ஐந்து, ஆறு என்று பெருகி, கேட்பவரைச் சுற்றி நின்றது. 1995-ல் வந்த தமிழ்ப்படம் ‘குருதிப்புனல்’, டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் முறையில் தயாரானது. இன்று திருவள்ளூரில் ஒரு சிறு வீட்டில்கூட கம்ப்யூட்டரோடு ஹோம் தியேட்டரை இணைத்துவிடலாம்.

பல கம்ப்யூட்டர்களின் பின்பக்கம் வண்ண வண்ணத் துளைகள் இருக்கும். பச்சைத் துளை முன் ஸ்பீக்கர்களுக்கு. கறுப்பு, பின் ஸ்பீக்கர்களுக்கு. ஆரஞ்சு, நடு ஸ்பீக்கருக்கும் ஊபர் பெட்டிக்கும். எச்.டி.எம்.ஐ. வசதி இருந்தால் ஒரே கேபிள் போதும். பிறகு, கம்ப்யூட்டரின் ஒலி அமைப்பில் 5.1 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடு ஸ்பீக்கர் திரைக்கு அருகே இருக்கட்டும். பேச்சு அதில்தான் வரும். பின் ஸ்பீக்கர்கள் உட்காருபவரின் இருபுறமும் சற்றுப் பின்னால் இருக்கட்டும். ஊபரை வசதியான மூலையில் வைக்கலாம். மிகத் தாழ்ந்த ஒலியின் திசை காதுக்குத் தெரியாது.

கறுப்பு ஒயரையும் பச்சை ஒயரையும் மாற்றிச் செருகினால், திரையில் ஓடும் ரெயிலின் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். 1931-ல் சினிமாக் கொட்டகையில் புளூம்லைன் பொறுக்க முடியாமல் தவித்ததும் இதே குறைக்காகத்தான்!